வயிற்றைத் திறக்காமல் மலக்குடல் இறக்கத்துக்கு வழி தேடியவர்: யார் இந்த மிகுலிச்?

மலம் கழிக்கும்போது ஆசனவாய் வழியாகச் சதை வெளியே வருகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவே உள்ளே போய்விடுகிறது. சில நாள் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. தென்காசி மாவட்டம் கரிவலம்வந்தநல்லூரில் வயக்காட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு இப்படி இருந்தால், யாரிடம் சொல்வார்? வீட்டுக்காரரிடம் சொல்லவே கூச்சப்படுவார். மூலமாக இருக்கும் என்று மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவார்.

இந்தத் தொந்தரவுக்குப் பெயர் மலக்குடல் இறக்கம். இன்றைக்கு வயிற்றில் சில சின்னத் துளைகள் மட்டும் போட்டு, இறங்கிய குடலைத் தூக்கி அதன் இடத்திலேயே நிறுத்திவிட முடியும். லேப்ராஸ்கோப்பி என்று நாம் சொல்லும் அந்த முறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. உடம்புக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது, பெரிதாகக் கிழிக்காமல் குடலைச் சரிசெய்வது என்ற இரண்டு முயற்சிகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. இரண்டின் தொடக்க காலத்திலும் ஒரே மனிதரின் பெயர் வருகிறது. அவர்தான் யோஹான் மிகுலிச். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் போட்டுக்கொண்ட முகக்கவசத்துக்கும் இவருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு.

யார் இவர்? என்ன செய்தார்? அவர் கதை நமக்கு ஏன் முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

அப்பா சொன்னது சட்டம், மகன் படித்தது மருத்துவம்

1850-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி செர்னோவிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார் மிகுலிச். அன்றைக்கு அது ஆஸ்திரியப் பேரரசின் கிழக்கு ஓரம். இன்றைக்கு அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. ஜெர்மன், போலிஷ் என்று பல மொழிகள் புழங்கிய ஊர் அது. அதனால்தான் ஆஸ்திரியா, போலந்து, ஜெர்மனி என மூன்று நாட்டு மருத்துவ வரலாறுகளும் இவரைத் தங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாடுகின்றன.

மகன் சட்டம் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மிகுலிச்சோ மருத்துவம்தான் படிப்பேன் என்று வியன்னாவுக்குப் போனார். வீட்டிலிருந்து ஆதரவு இல்லை. பியானோ நன்றாக வாசிப்பார் என்பதால், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து அந்தக் காசில் படித்தார். 1875-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அன்றைய வியன்னாவில் அறுவை சிகிச்சை என்றாலே ஒரு பெயர்தான்: தியோடோர் பில்ரோத். அவரிடம் சேர்வதற்குப் போட்டி அதிகம். மிகுலிச் முதலில் சம்பளம் இல்லாமல் சேர்ந்து, பிறகு உதவி மருத்துவர் ஆனார். 1881 ஜனவரியில் புற்றுநோய் தாக்கிய இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக வெட்டி எடுத்து பில்ரோத் உலகப் புகழ் பெற்றார். அந்தக் காலகட்டத்தில் பில்ரோத்தின் குழுவில் இருந்தவர் மிகுலிச். வயிறு, குடல் ஆகியவற்றின் மீதான ஆர்வம் அங்கே பிடித்ததுதான், கடைசிவரை விடவில்லை.

இரைப்பைக்குள் வெளிச்சம்

அதே 1881-இல், 31 வயதில், மிகுலிச் ஒரு பெரிய காரியம் செய்தார். உயிரோடு இருக்கும் ஒருவரின் இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று நினைத்தார். வியன்னாவில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த யோசஃப் லைட்டரோடு சேர்ந்து உட்கார்ந்தார்.

அதற்கு முன்பே இந்த முயற்சி நடந்திருக்கிறது. 1868-இல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர், வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைப் பிடித்து, அவர் தொண்டை வழியாக நேரான குழாயை விட்டுப் பார்த்தார். குழாய் போனது. ஆனால் உள்ளே ஒரே இருட்டு. வெளிச்சம் போதவில்லை.

மிகுலிச்சும் லைட்டரும் அந்த வெளிச்சப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குழாயின் நுனியில் பிளாட்டினக் கம்பி. அதில் மின்சாரம் பாய்ந்தால் அது சிவந்து எரியும். அந்தச் சூடு நோயாளியைச் சுட்டுவிடாமல் இருக்க, கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயையும் முழுக்க நேராகச் செய்யாமல் சற்றே வளைத்துச் செய்தார்கள். இன்றைய எண்டோஸ்கோப்பியோடு ஒப்பிட்டால் அது நோயாளிக்குக் கொடுமையான அனுபவம்தான். ஆனாலும் உணவுக்குழாயையும் இரைப்பையையும் உள்ளிருந்து பார்க்க முடியும் என்பது நிரூபணம் ஆனது.

இன்றைக்கு சங்கரன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ ஒருவர் வயிற்று வலிக்கு எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொள்கிறார் என்றால், அந்தக் கருவியின் முன்னோர்களில் ஒன்று இந்தப் பிளாட்டினக் கம்பிக் குழாய்.

வயிற்றைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து

1882-இல் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார் மிகுலிச். 1887-இல் கோனிக்ஸ்பெர்க், 1890-இல் பிரெஸ்லாவ் என அடுத்தடுத்து பெரிய பொறுப்புகள். கிராக்கோவும் பிரெஸ்லாவும் இன்று போலந்தில் இருக்கின்றன. பிரெஸ்லாவின் இன்றைய பெயர் விராட்ஸ்வாவ்.

அந்த நாட்களில் வயிற்றைத் திறப்பது என்பது மருத்துவருக்கே உதறல் எடுக்கும் விஷயம். மயக்க மருந்து வந்துவிட்டது, கிருமிநாசினியும் வந்துவிட்டது. ஆனால் ஆன்டிபயாடிக் கிடையாது. பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வர இன்னும் 50 வருடங்களுக்கு மேல் இருந்தது. குடலைத் தொடும்போது ஒரு துளி மலம் வயிற்றுக்குள் சிந்தினால்கூட, சீழ் பிடித்து நோயாளி சில நாளில் இறந்துவிடலாம்.

மலக்குடல் இறக்கத்துக்கு அதுவரை என்ன சிகிச்சை இருந்தது? நம் நாட்டில் சுஸ்ருத சம்ஹிதையிலேயே இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது, குதப்பிரம்சம் என்று. எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, மெதுவாக உள்ளே தள்ளி, நடுவில் துளை விட்ட தோல்பட்டையால் கட்டச் சொல்கிறது அந்த நூல். ஐரோப்பாவிலும் தள்ளுவது, கட்டுவது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது என்றுதான் பல காலம் ஓடியது. குடல் இறங்கிய ஆளுக்கு அதோடு வாழப் பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழி குறைவு.

கீழிருந்தே ஒரு வழி

மிகுலிச் இங்கேதான் வேறு மாதிரி யோசித்தார். குடல் ஏற்கெனவே வெளியேதானே வந்திருக்கிறது? அப்புறம் எதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும்?

அவர் செய்த முறையை எளிமையாகச் சொன்னால் இப்படித்தான். வெளியே வந்திருக்கும் குடலை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். சட்டைக் கையை உள்ளிருந்து வெளியே புரட்டினால் துணி இரண்டு அடுக்காக மடிந்து நிற்குமே, இறங்கிய மலக்குடலும் அப்படித்தான் இருக்கும். முதலில் வெளி அடுக்கை வெட்ட வேண்டும். ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். பிறகு உள் அடுக்கையும் வெட்டி, மிச்சமான குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். தையல் முடிந்ததும் குடல் தானாக உள்ளே ஏறிக்கொள்ளும். வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

1889-இல் இந்த முறையைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளியானது. அறுவை சிகிச்சைப் பாடநூல்கள் இந்த முறையின் வரலாற்றை இன்றும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் சொல்லத் தொடங்குகின்றன.

அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். 1891-இல் கார்ல் டீர்ஷ் ஆசனவாயைச் சுற்றி வெள்ளிக் கம்பியைச் செலுத்தி இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1900-இல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் எட்மண்ட் டெலோர்ம், குடலின் உள்தோலை மட்டும் உரித்து, தசையைச் சுருக்கித் தைக்கும் முறையைச் சொன்னார். மிகுலிச்சின் முறையை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஆல்டெமெயர் மெருகேற்றி நிறைய பேருக்குச் செய்தார். அதனால் இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் அதை ஆல்டெமெயர் ஆபரேஷன் என்றுதான் சொல்கிறார்கள். முதலில் வழி போட்டவரின் பெயர் பின்னால் போய்விட்டது.

இந்த முறையில் குறையே இல்லையா? இருக்கிறது. குடலைத் தாங்கிப் பிடிக்கும் இடுப்புத்தளத் தசைகளின் பலவீனம் அப்படியே இருப்பதால், சில வருடங்களில் மறுபடியும் இறங்கலாம். மலத்தைத் தேக்கி வைக்கும் பகுதியின் நீளமும் குறைகிறது. ஆனால் வயிற்றைத் திறந்தால் உயிர் போகலாம் என்ற காலத்தில், கீழ்வழி என்பது உயிரோடு வீடு திரும்பும் வழியாக இருந்தது.

துணிக் கையுறை, வாய்க்கு ஒரு துணி

நோயாளி கத்தியால் சாவதைவிடக் கிருமியால்தான் அதிகம் சாகிறார் என்பது மிகுலிச்சை அரித்துக்கொண்டே இருந்தது. பிரெஸ்லாவில் அவரோடு பணிபுரிந்த கார்ல் ஃப்ளூகே என்ற கிருமியியல் அறிஞர், நாம் பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகளில் கிருமிகள் இருப்பதைக் காட்டினார். அதைக் கேட்ட மிகுலிச், 1897-இல் ஆபரேஷன் செய்யும்போது வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்ளத் தொடங்கினார். அறுவை அரங்கில் முகக்கவசம் அணிந்த முதல் மருத்துவர்களில் அவர் ஒருவர்.

கைகளுக்கும் கிருமி நீக்கிய பருத்திக் கையுறைகள் போட்டார். ஈரமானதும் மாற்றிக்கொள்வார். ரப்பர் கையுறை எல்லா இடத்துக்கும் வந்துசேராத காலம் அது.

வயிற்றுப்புண் வெடித்த இரைப்பையைத் தைப்பது, புற்றுநோய் எடுத்த உணவுக்குழாயைத் திரும்ப உருவாக்குவது, இரைப்பையின் சுருங்கிய வாயை அகலப்படுத்துவது என அவர் கை வைக்காத இடமில்லை. கடைசியாகச் சொன்ன அந்த ஆபரேஷன் இன்றும் ஹைனக்கே-மிகுலிச் என்ற பெயரில்தான் நடக்கிறது. பிற்காலத்தில் நெஞ்சு அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற ஃபெர்டினாண்ட் சவர்புரூக், இளம் மருத்துவராக இவருடைய பிரெஸ்லாவ் மருத்துவமனையில்தான் ஆராய்ச்சி செய்தார்.

தன் நோயைத் தானே கண்டுபிடித்தவர்

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் இரைப்பையைப் பார்த்தவருக்கு, கடைசியில் நோய் வந்ததும் இரைப்பையில்தான்.

தனக்கு வந்திருப்பது இரைப்பைப் புற்றுநோய் என்பதை மிகுலிச் தானே கண்டுபிடித்தார். 1905 ஜனவரியில் வியன்னாவுக்குப் போனார். அதே பில்ரோத்தின் மாணவரான அன்டோன் ஃபோன் ஐசல்ஸ்பெர்க் அவருக்கு ஆபரேஷன் செய்தார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது நோய் பரவியிருந்தது. எடுக்க முடியாத நிலை. மூடிவிட்டார்கள்.

மிகுலிச் பிரெஸ்லாவுக்குத் திரும்பி, முடிந்தவரை வேலை பார்த்தார். 1905 ஜூனில் இறந்தார். வயது 55.

இரைப்பைக்குள் விளக்கேற்றிப் பார்த்தவருக்கே, தன் இரைப்பையில் இருந்தது காலம் கடந்த பிறகுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் சத்தமே இல்லாமல் வளரும் நோய் அது. மலக்குடல் இறக்கம் அப்படிப்பட்டது கிடையாது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தட்டுப்படுகிறது, நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதையும் மறைத்து வைத்துக் காலம் கடத்துவதுதான் பலருக்கு நடக்கிறது.

அவருக்குப் பிறகு என்ன நடந்தது?

மிகுலிச் லேப்ராஸ்கோப்பி செய்தவர் கிடையாது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே, 1901-இல், ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, சிறு துளை வழியாகக் கருவியை விட்டு உள்ளுறுப்புகளைப் பார்த்துக் காட்டினார். 1910-இல் ஸ்வீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் இதைச் செய்ததைப் பதிவு செய்தார்.

பார்ப்பதற்கு மட்டும் பயன்பட்ட துளை வழியாகவே ஆபரேஷன் செய்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1980-இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் குடல்வாலை லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்தபோது, சக மருத்துவர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1985-இல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார். 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். தமிழ்நாட்டில் இந்த முறையைப் பரப்பியதில் கோவை டாக்டர் சி. பழனிவேலுவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

1990-களின் தொடக்கத்தில் மலக்குடல் இறக்கத்துக்கும் லேப்ராஸ்கோப்பி வந்தது. 2004-இல் பெல்ஜியத்தின் லூவென் நகர மருத்துவர் ஆந்த்ரே டோர், மலக்குடலின் முன்பக்கத்தில் வலைத்துணி ஒன்றை வைத்துத் தைத்து, அதன் மறுமுனையை முதுகெலும்பின் அடிப்பகுதியில் பொருத்தும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். குடலைச் சுற்றியுள்ள நரம்புகளை அதிகம் தொடாமல் தூக்கி நிறுத்துவது இதன் நோக்கம்.

இன்றைக்கு எப்படிச் செய்கிறார்கள்?

முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புகிறார்கள். 5 முதல் 12 மி.மீ. அளவில் சில துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். இறங்கிய மலக்குடலை மேலே தூக்கி, தையல் போட்டோ வலைத்துணி வைத்தோ எலும்போடு நிறுத்துகிறார்கள். பெரிய கீறல் இல்லாததால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

எல்லோருக்கும் இதுதான் என்று கிடையாது. வயது முதிர்ந்தவர்கள், இதயம், நுரையீரல் பலவீனமானவர்கள், முழு மயக்கம் தாங்காதவர்களுக்கு இன்றும் கீழ்வழி ஆபரேஷன்தான் பல நேரம் கைகொடுக்கிறது. 1889-இல் மிகுலிச் எழுதிய அதே பாதைதான்.

மூலமா, குடல் இறக்கமா?

இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். மூலம் என்பது ஆசனவாயில் உள்ள ரத்தக் குழாய்த் திசுக்கள் வீங்குவது. மலக்குடல் இறக்கத்தில் குடலின் முழுச் சுவரே வெளியே வருகிறது, அதில் வளையம் வளையமாக மடிப்பு தெரியும். சளி போல ஒழுகுவது, ரத்தம் படுவது, மலத்தை அடக்க முடியாமல் போவது எல்லாம் வரலாம். வயதான பெண்களுக்கு அதிகம். ஆண்களுக்கும் வரும், குழந்தைகளுக்கும் வரும். பல வருட மலச்சிக்கலும், முக்கி முக்கி மலம் கழிப்பதும், இடுப்புத்தளத் தசைகள் தளர்வதும் முக்கியக் காரணங்கள்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், குடற்புழு, சத்துக்குறைவு ஆகியவற்றைச் சரிசெய்தாலே பலருக்குத் தானாகச் சரியாகிவிடும். பெரியவர்களுக்கு வெளியே வரும் குடல் களிம்பால் நிரந்தரமாக உள்ளே போகாது. ஆசனவாயில் ரத்தம் வந்தால், மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

வெளியே வந்த சதை உள்ளே போகவே மாட்டேன் என்கிறதா? கறுத்துப் போகிறதா? கடுமையாக வலிக்கிறதா? அப்படியென்றால் அது அவசரம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களுக்கு முதல் படி சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை. அங்கிருந்து தேவையைப் பொறுத்து தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், உங்களுக்குச் சொல்லும் சிகிச்சை அதில் வருமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் வீட்டில் அம்மாவோ, பாட்டியோ, அத்தையோ கழிவறையில் அதிக நேரம் இருக்கிறார்களா? விசேஷத்துக்கு, பஸ் பயணத்துக்குக் கூப்பிட்டால் ஏதோ காரணம் சொல்லி வராமல் இருக்கிறார்களா? அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.